கேட்டுச்சொல்றேன் வீட்டுப் பூனை

அந்தப் பேரை அவள் முதன்முதலில் கேட்டது ஒரு தங்கும் விடுதியின் துணி துவைக்கும் கூடத்தில். பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு முனையிலும் ஆள் நின்று, எட்டி நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, மறுபடி விலகிப் போய்த்தான் மடிக்க வேண்டும். கிட்ட வரும்போதுதான் அங்கே பேச்சு. ஒரு மடிப்புக்கு ஒரு வார்த்தை. எதிர்முனையில் நின்றவள் ஒரு மடிப்பில் சொன்னாள்:

"எங்க வீட்டுல ஒரு கேட்டுச்சொல்றேன் இருக்கு."

அடுத்த மடிப்பில்: "அதை இந்த வருஷமாவது நல்ல இடமாப் பாத்துத் தள்ளி விடணும்."

இவள் அதை ஏதோ பேசுகிற கிளி என்று நினைத்துக்கொண்டாள். கூண்டோடு யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் போல.

"நல்லாப் பேசுமா?"

"பேசும் பேசும். முடிவா ஒண்ணும் சொல்லாது. அவ்வளவுதான்."

விரிப்பு முழுதாக மடிந்த பிறகுதான் அது கிளி இல்லை, அவளுடைய அண்ணன் என்று தெரிந்தது. இவள் சிரித்த சிரிப்பில் விரிப்பு கைநழுவித் தரையில் விழுந்து, திரும்பவும் துவைக்கப் போனது.

அந்த அண்ணனுக்குத் தொழில், பழைய சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை மாற்றி, உள்ளே பஞ்சும் ஸ்பிரிங்கும் வைத்துத் தைப்பது. கீழே கடை, மேலே வீடு. கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் வரும் முதல் சொல் "கேட்டுச் சொல்றேன்". இந்தச் சோபாவுக்கு நீலம் எடுக்குமா, பழுப்பு எடுக்குமா? கேட்டுச் சொல்றேன். யாரைக் கேட்பார்? பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரை, எதிரே பேருந்துக்கு நிற்கிறவரை, தபால் கொண்டுவருகிறவரை. ஒருதரம் தன்னுடைய கடைக் கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று கேட்கப் போய், ஆளுக்கொன்று சொல்ல, கடைசியில் உள்பக்கம் பச்சையும் வெளிப்பக்கம் மஞ்சளும் அடித்து வைத்தார்.

சோம்பலும் இல்லை, கள்ளமும் இல்லை. தாயார் போன பிறகு பெரியப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அண்ணனும் தங்கையும். பெரியப்பா, பெரியம்மா, பெரியம்மாவின் தம்பி என்று மூன்று பேர் அதிகாரம் செய்த வீடு அது. ஒருவர் சரி என்றது இன்னொருவருக்குத் தப்பு. எல்லார் தலையும் ஆடின பிறகு செய்தால் வசவு விழாது என்று அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே கண்டுகொண்டது. தங்கை எதிர்த்துப் பேசித் தப்பித்தாள். அண்ணன் கேட்டுக் கேட்டுத் தப்பித்தார்.

பெண் பார்க்க அவர் வந்த கதையும் அதேதான். விடுதிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தங்கை நேரடியாகவே கேட்டாள்: "என்னண்ணே, பிடிச்சிருக்கா?"

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். இவள்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யார்கிட்டங்க கேப்பீங்க? என்கிட்ட கேளுங்க. நான் சரின்னு சொல்லிடுறேன்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்து, "சரி, கேக்குறேன்" என்றார். கல்யாணம் முடிவானது அப்படித்தான். நேற்றுவரை வாடி போடி என்று இருந்த தோழிக்கு இவள் அண்ணியாகிவிட்டாள். அந்த நாத்தனார் "அண்ணி" என்று கூப்பிட்டுப் பழகுவதற்குள் எத்தனையோ முறை "ஏய் அண்ணி" என்றுதான் வாயில் வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தவன்தான் ரெக்சின்.

யாரோ ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் உட்காரும் பழைய சோபா ஒன்று வேலைக்கு வந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கிழித்தால், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கண் திறந்தும் திறக்காமலும் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. தாய் எங்கே போனதோ தெரியாது. சோபாக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னதற்கு, "சோபாதான் எங்களுது, பூனை இல்லை" என்று வைத்துவிட்டார். இவர் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் அபிப்பிராயம் கேட்டு வந்தார். விட்டுடுங்க என்றார்கள் சிலர், வச்சுக்குங்க என்றார்கள் சிலர், கறுப்பு வேண்டாம் என்றார் ஒருவர். எல்லாம் கேட்டு முடிந்து அவர் திரும்பி வருவதற்குள் குட்டி அவர் சட்டைப்பைக்குள் தூங்கிப் போயிருந்தது. தூங்குகிறதை எப்படி எடுத்து வெளியே விடுவது? "பாரேன், நம்ம ரெக்சின் துணி மாதிரியே பளபளன்னு இருக்கு" என்று அவள்தான் பேர் வைத்தாள்.

பூனை வளர்க்கிறவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. நாத்தனார்தான் அண்ணனை அதில் சேர்த்துவிட்டாள். "எங்க உசிரை எடுக்காம இனிமே அங்க கேளு." அவ்வளவுதான், மனிதருக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி ஆகிவிட்டது. கேட்கக் கேட்கச் சலிக்காமல் பதில் சொல்கிற ஆயிரக்கணக்கான பேர்! நகம் வெட்டலாமா, பால் கொடுக்கலாமா, முடி கொட்டுதே, சோபாவைப் பிராண்டுதே. பொய் சொல்லக்கூடாது, அங்கே நல்ல யோசனைகளும் கிடைத்தன. பாலை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினதும் வயிற்றுப்போக்கு நின்றது. கயிறு சுற்றின கட்டை ஒன்றைச் செய்து வைக்கச் சொன்னார்கள், அதன்பிறகு சோபாவில் நகம் படவில்லை. படத்தில் சூரியகாந்திப் பூ வைத்திருந்த ஒரு பெண்மணி பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள். மீசைப் படம் வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் பூசணிக்காய்தான் சொல்வார். அவர்களை எல்லாம் உறவுக்காரர்களைப் போலவே இவர் வீட்டில் பேசுவார். "சூரியகாந்தி சொல்லுச்சு", "மீசை வேற மாதிரி சொல்றாரு" என்று.

அந்த நாள் அவளுக்கு விடுமுறை. காலையில் துணி காயப்போடப் போகும்போது பார்த்தாள். ரெக்சின் மணல் தொட்டியில் ஏறினான், தோண்டினான், உட்கார்ந்தான், முக்கினான், இறங்கினான். அவள் ஒரு துணியைப் பிழிவதற்குள் மறுபடி ஏறினான். முக்கும்போது அடித்தொண்டையில் ஒரு சத்தம். முந்தின நாள் சாயங்காலமே இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்ததாக ஞாபகம்.

"ஏங்க, இவனுக்கு மலச்சிக்கல் போல. உக்காந்து உக்காந்து முக்குறான்."

"இரு, கேட்டுச் சொல்றேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால், பத்து வரிக்கு ஆகிற நேரத்தில் ஒரு வரி எழுதினார். பதில்கள் வந்து குவிந்தன. அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் நல்லதுங்கிறாங்கம்மா."

"முக்குறதா நல்லது?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க. இந்தா, இதயம் இதயமா போட்டிருக்காங்க பாரு. 'ரொம்ப சந்தோஷம் அண்ணா.' 'எங்க பூனையும் அப்படித்தான், கொடுத்து வச்சவங்க நாம.' 'ஜன்னல் ஓரம் ஒரு பலகை அடிச்சுக் குடுங்க, வேடிக்கை பாக்கட்டும்.'"

அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க என்ன எழுதினீங்க, படிங்க."

படித்தார்: "எங்கள் ரெக்சின் நேற்றிலிருந்து வெளியே போகவில்லை. இது நல்லதா, கெட்டதா?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவங்க தெருவுக்குப் போகலைன்னு நினைச்சுக்கிட்டாங்க! வண்டியில அடிபடாம வீட்டுக்குள்ளயே இருக்கான்னு கைதட்டுறாங்க!"

"அட ஆமா."

"வெளிக்குப் போகலைன்னு எழுத வேண்டியதுதானே?"

"பொம்பளைங்கல்லாம் இருக்கிற இடம்மா. வெளிக்குன்னு எழுதிட்டு, நல்லா இல்லைன்னுதான் வெளியேன்னு மாத்தினேன். ஒரு நாகரிகம் வேண்டாமா?"

"பூனைக்கு என்னங்க நாகரிகம்? மணலை மூடிட்டுப் போகுதே, அது போதாதா?"

அவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். "மலம்" என்று எழுதினார், ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று அழித்தார். கடைசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை விரல் காட்டுவது போல "இரண்டுக்குப் போகவில்லை" என்று போட்டார். இந்தத் தடவை புரிந்தது. மீசைக்காரர் பூசணிக்காய் என்றார். இன்னொருவர் வயிற்றைத் தடவிவிடச் சொன்னார். வேறொருவர் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றச் சொன்னார். நாத்தனாரும் தொலைபேசியில் எண்ணெய்க் கட்சியில் சேர்ந்துகொண்டாள். "ஊத்திவிடுங்க அண்ணி, சும்மா வழுக்கிட்டு வந்துடும்." ஊற்றப் போனார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ரெக்சின் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டான்.

கடிப்பது அவன் வழக்கம் இல்லை. அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சூரியகாந்தியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "ஒண்ணுக்குப் போகுதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மணல் அள்ளுவது அவள் வேலை. முந்தின நாள் காலையில் அள்ளினதோடு சரி, வேலை அலுப்பில் அப்புறம் அவள் அள்ளவில்லை. சல்லடைக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியைக் கிளறினாள். ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்கிற மணல் அது. ஒரு உருண்டைகூட இல்லை. எல்லாம் பொலபொலவென்று உலர்ந்து கிடந்தது. மூலையில் மட்டும், மூடி வைத்தபடி, அந்த இன்னொன்று நன்றாகவே கிடந்தது. குறையில்லாமல் போயிருக்கிறான். காலையிலிருந்து அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு எதையோ பற்றி.

"ரெண்டு இருக்குங்க. ஒண்ணுதான் இல்லை" என்றாள்.

அதை அப்படியே எழுதினார். உடனே பதில்: "ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சா உயிருக்கு ஆபத்து. இங்கே கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள் அண்ணா. டாக்டரிடம் ஓடுங்கள்." அதற்குக் கீழேயே மீசைக்காரர்: "சும்மா பயமுறுத்தாதீங்க. என் பூனைக்கும் வந்தது. தண்ணீர் நிறைய கொடுத்தால் தானாக வரும்." அதற்குக் கீழே ஒருவர் சூரியகாந்திக்கு ஆதரவு, ஒருவர் மீசைக்கு ஆதரவு, ஒருவர் பூனையையே விட்டுவிட்டு டாக்டர்களைத் திட்ட ஆரம்பித்தார்.

அவருக்கு இது பழைய வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம். முகம் வெளிறிப்போய்ப் படியில் உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு பேர் வரட்டுமே. யார் சொல்றது சரின்னு தெரியலையே."

அவளுக்கு ஒரு கத்துக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் இவர் இன்னும் சுருங்கிப்போவார் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியும். ஆகவே இப்படிச் சொன்னாள்: "அவங்க யாரும் அவனைப் பாத்ததில்லைங்க. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. போய்ப் பாருங்க."

அவர் எழுந்து போய் மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டார். ரெக்சின் தலையைத் தூக்கவில்லை. காலையில் வைத்த சாப்பாடு அப்படியே காய்ந்திருந்தது, பக்கத்தில் கொஞ்சம் நுரையாக வாந்தி. மெதுவாக அடிவயிற்றில் கையைக் கொண்டுபோனார். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் கல் மாதிரி ஒரு உருண்டை. கை பட்டதும் பூனை அலறின அலறலில் அவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"ஏம்மா," என்றார். குரல் மாறியிருந்தது. "அளவுக்கு மீறித் திணிச்ச மெத்தை மாதிரி இருக்கும்மா. தையல் விட்டுடும். கிளம்பு."

கைபேசி படியிலேயே கிடந்து மணியடித்துக்கொண்டிருந்தது. ஜிப் வைத்த பெரிய திண்டு உறை ஒன்றை உருவி, ரெக்சினை அதற்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய ஜிப்பை இழுத்து, சோபா ஏற்றும் சின்ன வண்டியில் அவள் மடியில் வைத்தார். வழியில் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தவிர.

கால்நடை மருத்துவமனை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. டாக்டரம்மா இளவயதுக்காரி, கையுறையோடு ஒரு நாயை அனுப்பிவிட்டு வந்தாள். திண்டு உறைக்குள்ளிருந்து பூனை வெளியே வந்ததைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், அடிவயிற்றில் கை வைத்ததும் சிரிக்கவில்லை.

"எப்போலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்துன்னு நினைக்கிறோம்."

"எண்ணெய் கிண்ணெய் ஊத்தினீங்களா?"

அவர் கட்டைவிரலைக் காட்டினார். "ஊத்த விடலை."

"அதுக்கு இருக்கிற புத்தி. யாராவது அமுக்கிப் பாத்தீங்களா?"

"நான்தான் லேசா."

"இனிமே பாக்காதீங்க. உள்ள வெடிச்சிருந்தா அவ்வளவுதான். மூத்திரப்பை முட்ட முட்ட இருக்கு. மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டு எடுக்கணும். மயக்கத்துல கொஞ்சம் அபாயம் இருக்கு, எடுக்கலைன்னா நாளைக்கு இது இருக்காது. என்ன சொல்றீங்க?"

அவள் திண்டு உறையை மடித்துக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உதடு அசைவது தெரிந்தது. எந்தச் சொல் வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியும். தானே முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாயெடுத்தாள்.

"போடுங்க," என்றார் அவர். "போடுங்கம்மா. இப்பவே."

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்த மனிதரைப் பற்றி ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் எழுந்து படியிறங்கிப் போய், செருப்புக் கடை வாசலில் நின்ற காவலாளியிடம், "அண்ணே, மயக்கம் குடுக்கச் சொல்லிட்டேன். சரிதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளிக்கு என்ன மயக்கம், யாருக்கு மயக்கம் என்று ஒன்றும் தெரியாது. இவர் முகத்தைப் பார்த்து, "சரிதான் சார், சரிதான்" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

உள்ளே நல்லபடி முடிந்தது. குழாய் வழியாகத் தேங்கியதெல்லாம் இறங்கியது. அதில் மணல் மாதிரி பொடிப்பொடியாக இருந்ததை டாக்டரம்மா காட்டினாள். சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தினம் வேலைக்குப் போகிற வழியில் அவளும், கடையைப் பூட்டிவிட்டு அவரும் போய்ப் பார்த்தார்கள். அழைத்துப் போகிற அன்று டாக்டரம்மா சொன்னாள்:

"ஃபோன்ல கேக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். முடி கொட்டுது, எந்தச் சாப்பாடு நல்லது, குளிப்பாட்டலாமா, இதெல்லாம் தாராளமாக் கேளுங்க. சாப்பிடலை, மூச்சு வாங்குது, ஒண்ணுக்குப் போகலைன்னா கேள்வியே கேக்காதீங்க. தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்த அன்றைக்கு ரெக்சின் மணல் தொட்டியில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பூனைக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ, முதுகைக் காட்டிக்கொண்டது. இறங்கினதும் அவள் கரண்டியால் கிளறினாள். கெட்டியாக, கனமாக ஒரு உருண்டை.

"போயிருக்கான்!" என்று அவள் கூவினது கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்டது. கடைக்காரர் யாரோ ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து, வழியனுப்பத் தெருவுக்கு வந்து நின்றார்.

அன்று மதியமே அவர் அந்தக் குழுவில் எழுதினார். இந்தத் தடவை நாகரிகம் பார்க்கவில்லை. "ஆண் பூனை மூத்திரம் போகாமல் முக்கினால் இங்கே கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்து பூனையைச் சாகக் கொடுக்க இருந்தேன்." இப்படிப்பட்ட சொல்லைப் பொதுவில் எழுதலாமா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். சூரியகாந்தி அவரை ஒரு பிடி பிடித்தாள். மீசைக்காரர் மட்டும் தனியாக, "தப்பாகச் சொல்லிவிட்டேன் அண்ணா, மன்னிக்கவும். பூனை எப்படி இருக்கிறது?" என்று எழுதினார். அன்றிலிருந்து இருவரும் நல்ல சிநேகம்.

அதற்குப் பிறகு அங்கே யார் எந்தப் பூனையைப் பற்றி என்ன கேட்டாலும், காது அரிப்பானாலும் கால் நொண்டலானாலும், இவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒண்ணுக்குப் போகுதா?" போகவில்லை என்று ஒருத்தி பதில் போட்டு, அவர் விரட்டின விரட்டில் டாக்டரிடம் ஓடி, அவள் பூனையும் பிழைத்தது. குழுவில் அவருக்கு "ஒண்ணுக்கு அண்ணா" என்று பேர் விழுந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டு நாத்தனார்தான் குதித்தாள்.

"அண்ணி, என் அண்ணனை ஊரெல்லாம் என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? நான் வச்ச பேரு எவ்வளவு கௌரவமா இருந்துச்சு!"

"உங்கண்ணனையே கேளு, மாத்தச் சொல்லணுமான்னு."

"கேட்டேனே. நல்லாத்தான் இருக்குங்கிறாரு. யாரையும் கேக்காம சொல்றாரு அண்ணி!"

இப்போது அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பெரிய சோபா எடுப்பதில்லை, நாற்காலி இருக்கைகள் மட்டும் தைக்கிறார். மாடி ஏற முடியாததால் கடையின் பின் அறையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார்கள். அங்கேதான் இருக்கிறார், அவளும் ரெக்சினும் கூட.